கூரையைத் திற, ஹீட்டரைப் போடு!

மார்கழி பிறந்துவிட்டால் மெரினாவில் வாக்கிங் போகிறவர்களைப் பாருங்கள். தெர்மாமீட்டர் என்னவோ 21, 22 டிகிரிதான் காட்டும். ஆனால் நம் ஆட்கள் தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், காதில் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ஸ்வெட்டர் என்று சியாச்சினுக்கு டியூட்டி பார்க்கப் போகிறவர்கள் மாதிரி நடப்பார்கள். 'தலையில பனி இறங்கிடும்' என்பது தமிழனின் தேசிய பயம். பேய், பிசாசு, மேனேஜர் எல்லாம் அதற்கப்புறம்தான்.

இப்பேர்ப்பட்ட பரம்பரையில் வந்த ஒருவனை, 4 டிகிரி குளிரில், கூரை திறந்த காரில் உட்காரவைத்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அதைத்தான் எழுதப் போகிறேன். சஸ்பென்ஸ் எல்லாம் வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜலதோஷம் பிடிக்கவில்லை.

ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் இங்கிலாந்தில் இருந்தேன். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்று ஒரு சின்ன ஊர். தேம்ஸ் நதி, பழைய சர்ச், ஆறு மணிக்கே தூங்கிவிடும் கடைத்தெரு. பார்த்தால் சொல்ல முடியாது, ஆனால் திறந்த கார் பிரியர்களுக்கு அது ஒரு காசி. 1929 முதல் 1980 வரை எம்.ஜி. கார் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. புகழ்பெற்ற எம்.ஜி.பி. 1962-ல் பிறந்தது அங்கேதான். அந்தக் காரில் ஒரு வேடிக்கை. வருஷத்தில் பாதி நாள் குளிரும் தேசத்தில், மேலே துணிக்கூரை போட்ட காரில், ஹீட்டருக்குத் தனியாகக் காசு! வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வேண்டாமென்றால் கம்பளி இருக்கிறது, மனோதைரியம் இருக்கிறது.

எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரர். வயது 58. கணக்கு வழக்கு ஆள். டை கட்டி, டிபன் பாக்ஸில் சாண்ட்விச் கொண்டுவந்து, சரியாக ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரை அணைக்கிற ரகம். ஆபீஸில் இருந்த நாங்கள் நாலு தமிழர்கள் எங்களுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'துரை'. அவரிடம் ஒரு சிவப்பு மாஸ்டா எம்.எக்ஸ்-5 இருந்தது. இரண்டே சீட். கூரையை மடித்துப் பின்னால் வைத்துவிடலாம். கன்வர்ட்டிபிள் என்பார்களே, அது.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேட்டார்: "நாளைக்கு வெயில் அடிக்குமாம். ஒரு ரவுண்டு போகலாம், வர்றியா?"

"அந்தக் கார்லயா?"

"ஆமா. ரூஃபைத் திறந்துதான்."

"சார், டிசம்பர் சார் இது!"

"அதனாலதான் கூப்பிடறேன். ஜூலைல யார் திறப்பாங்க?"

எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் அவர் பொறுமையாகக் கணக்குச் சொன்னார். ஜூலையில் வழியெல்லாம் டிராஃபிக். திறந்த காரில் சிக்னலில் நின்றால் முன்னால் நிற்கும் லாரியின் புகை முழுக்க நமக்கே. மொட்டைத் தலை எரியும். (அவருக்கு அது உண்மையான பிரச்னை.) குளிரென்றால் மேலே ஒன்று போட்டுக்கொள்ளலாம். வெயிலுக்கு எதைக் கழற்றுவது? சட்டைக்கு மேல் கழற்ற நாகரிகம் இடம் தராது.

இன்னொரு கணக்கும் உண்டு. டிசம்பரில் லண்டன் பக்கம் சூரியன் முகம் காட்டுவது சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மாலை நாலு மணிக்கு முன்னாலேயே அஸ்தமனம். நட்டநடுப் பகலிலும் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. அதே நாளில் சென்னையில் 53 டிகிரி ஏறி நிற்கும். ஆகவே 'நல்ல வெதர் வரட்டும், திறக்கலாம்' என்று காத்திருக்கிறவன், கூரை மூடிய காரைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவன் ஆகிறான். ஆபீஸில் நாலு வரி பேசாத மனிதர் இதை அரை மணி நேரம் பேசினார்.

யோசித்துப் பார்த்தால் ஆரம்பத்தில் எல்லாக் கார்களுமே திறந்த கார்கள்தான். குதிரை வண்டியில் குதிரையைக் கழற்றிவிட்டு எஞ்சினை வைத்தார்கள், அவ்வளவே. முன்கண்ணாடிகூடக் கிடையாது. 1896 நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஒரு கூட்டம் கார் ஓட்டிக்கொண்டு போனது. அதுவரை காருக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும் என்று சட்டம். அதை நீக்கி, மணிக்கு 14 மைல்வரை போகலாம் என்று விட்டார்கள். அதைக் கொண்டாடத்தான் அந்த ஊர்வலம். அதன் நினைவாக இன்றும் ஒவ்வொரு நவம்பர் முதல் ஞாயிறும், 1905-க்கு முன் செய்த கார்கள் லண்டன் ஹைட் பார்க்கிலிருந்து விடியும் நேரத்தில் கிளம்பி, ஏறக்குறைய 60 மைல் தள்ளி இருக்கும் பிரைட்டனுக்குப் போகின்றன. பெரும்பாலும் கூரை இல்லாத வண்டிகள். நவம்பர் மழையில் ஓட்டுகிறவர்களின் மூக்கு நுனி தக்காளி நிறத்தில் இருக்கும்.

அந்தக் காலத்தில் இந்தக் குளிரை வைத்தே சிலர் முன்னுக்கு வந்தார்கள். ஆல்ஃபிரட் டன்ஹில் என்பவர் அப்பாவின் குதிரைச் சேணக் கடையைக் கார்க்காரர்களுக்கான கடையாக மாற்றினார். தோல் கோட்டு, கண்ணாடி, ஹாரன் எல்லாம் விற்றார். காரைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும் என்பதுதான் விளம்பரம். 1920-களில் மூடிய கார் மலிவானதும் ஜனங்கள் சந்தோஷமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் திறந்த கார் என்பது தேவை இல்லை, ஆசை.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணி. 4 டிகிரி. வானம் சோப்புப் போட்டுக் கழுவிய மாதிரி நீலம். நான் உள் பனியன், சட்டை, ஸ்வெட்டர், கோட்டு, கையுறை என்று வெங்காயம் மாதிரி வந்து நின்றேன். கையில் அம்மா ஊரிலிருந்து கட்டிக் கொடுத்தனுப்பிய மஃப்ளர். துரை ஒரு சாதாரண ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே மேலே ஒரு கொக்கியை விடுவித்தார், கூரையைக் கையால் பின்னால் தள்ளினார், அமுக்கினார். முடிந்தது. நான் என் லேப்டாப்பை மூட அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து அவர் செய்ததுதான் விசேஷம். கூரையைத் திறந்தவர், இரண்டு பக்கக் கண்ணாடியையும் மேலே ஏற்றினார். ஹீட்டரை முழுசாகத் திருப்பினார், காற்றைக் காலுக்கு விட்டார். சீட்டுச் சூட்டுக்கு ஒரு பட்டன். "இப்ப மஃப்ளரைக் கட்டு" என்றார்.

"நிஜமாவா?"

"குளிர் முன்னாலேருந்து வராது. பின்னாலேருந்துதான் வரும்."

இதில் ஒரு சின்ன பௌதிகம் இருக்கிறது. ஓடும் காரின் முன்கண்ணாடியில் மோதுகிற காற்று மேலே ஏறி, நம் தலையைத் தாண்டிப் போய்விடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால், அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அழுத்தம் குறைகிறது. அந்தக் காலியிடத்தை நிரப்பக் காற்று பின்பக்கமிருந்து சுருண்டு திரும்பி வருகிறது. கார் முன்னால் போகிறது, காற்று பிடரியில் அடிக்கிறது! இதைத் தடுக்கத்தான் சீட்டுக்குப் பின்னால் ஒரு வலை அல்லது தடுப்பு வைக்கிறார்கள். 1989-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் இப்படி ஒரு வலையைக் கொடுத்தார்கள். பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

ஹீட்டர் விஷயம் இன்னும் அழகு. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட ஒழுங்காகச் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. மிச்சமெல்லாம் சூடாகப் புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் போய்விடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் 90 டிகிரி வாக்கில் கொதிக்கக் காத்திருக்கிறது. அதில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு அதன்மேல் ஃபேனைப் போட்டால் அதுதான் ஹீட்டர். வீணாகப் போகிற சூடு, கரண்டு பில் இல்லாத கணப்பு. கண்ணாடியை ஏற்றிவிட்டால் கார் ஒரு தொட்டி ஆகிறது. சூடான காற்று அந்தத் தொட்டியில் கழுத்தளவு தேங்கி நிற்கிறது.

ஜப்பானில் நகானோ பக்கம் ஜிகோகுடானி என்ற இடத்தில் குரங்குகள் வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை உட்கார்ந்திருக்கும். தலைமேல் பனி கொட்டிக்கொண்டிருக்கும், முகத்தில் அப்படி ஒரு பரம சுகம். போட்டோவில் பார்த்திருப்பீர்கள். கிளம்பிப் பத்து நிமிஷத்தில் என் நிலைமை அதுதான். கால் கொடைக்கானலில் இல்லை, காட்பாடியில் இருந்தது. முகம் மட்டும் ஊட்டிக்கும் மேலே எங்கேயோ.

ஆபிங்டனிலிருந்து வான்டேஜ் போனோம். ஆல்ஃபிரட் ராஜா பிறந்த ஊர், சந்தைச் சதுக்கத்தில் சிலை நிற்கிறது. அங்கே சிக்னலில் நின்றபோது நடந்து போனவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். ஒரு பாட்டி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு குழந்தை டாட்டா காட்டியது. மூடிய காரில் போகிறவனை யாரும் பார்ப்பதில்லை, அவனும் யாரையும் பார்ப்பதில்லை. இங்கே பாட்டி என்ன முணுமுணுத்தாள் என்பதே காதில் விழுந்தது. அச்சில் ஏற்ற முடியாது.

வான்டேஜ் தாண்டி, குன்றுகளின் அடிவாரத்தை ஒட்டி ஒரு சின்ன ரோடு மேற்கே போகிறது. ரோடு வளைந்து வளைந்து ஏறி இறங்கும். இடது பக்கம் புல்மேடு, வலது பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க வயல். விறகுப் புகை வாசனை ஒரு வளைவில், ஆட்டு மந்தை வாசனை அடுத்த வளைவில், ஈர இலை வாசனை அதற்கடுத்து. ஏதோ ஒரு பண்ணையில் பன்றி வாசனையும்தான், எல்லாவற்றையும் ஏன் மறைக்க வேண்டும். மரங்களில் இலை இல்லாததால் கிளைகளின் நிழல் கோடு கோடாக எங்கள் மடியிலேயே விழுந்து ஓடியது. தலைக்கு மேலே எதுவும் இல்லை என்பதை ஒரு கட்டத்தில் உடம்பு உணர்கிறது பாருங்கள், அதை நான் வேறெந்த வாகனத்திலும் உணர்ந்ததில்லை. பைக்கில் காற்றோடு சண்டை. இதில் சண்டை இல்லை.

அஃபிங்டன் குன்றில் நிறுத்தினோம். சுண்ணாம்பு மண்ணை வெட்டிப் புல்வெளியில் வரைந்த வெள்ளைக் குதிரை, 110 மீட்டர் நீளம், சுமார் 3,000 வருஷப் பழசு. காரைவிட்டு இறங்கி அதைப் பார்க்க நடந்தபோதுதான் குளிர் தாக்கியது. ஓடும் காரில் இல்லாத நடுக்கம் நின்ற இடத்தில்! இரண்டு நிமிஷத்தில், "சார், கார்லயே போய் உக்காரலாம் சார்" என்று நானே கேட்டேன். துரை சிரிக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் ஜெயித்தால் சிரிக்கமாட்டார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

காற்று அடித்தால் ஏன் அதிகம் குளிர்கிறது என்று கண்டுபிடித்ததும் ஒரு கதைதான். 1940-களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவில் பால் சைப்பிள், சார்ல்ஸ் பாஸல் என்ற இருவர் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீரை ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார்கள். அந்தக் கணக்கைத் திருத்தி 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் ஒரு புதுச் சூத்திரம் கொண்டுவந்தன. அதன்படி 4 டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று, மூடாத தோலுக்கு மைனஸ் 4 மாதிரி உறைக்கும். கார் எவ்வளவு வேகம் போனாலும் ரேடியேட்டர் தண்ணீர் இதனால் உறையாது. காற்றின் நிஜ உஷ்ணம் 4 தான், எந்தப் பொருளும் அதற்குக் கீழே போகாது. நம் உடம்புச் சூட்டை வேகமாகத் திருடிக்கொண்டு போகிறது, அவ்வளவே. முன்கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் திருட்டு பெரிதாக நடப்பதில்லை.

இதைச் சென்னை வாசகருக்கு விளக்கவே வேண்டாம். தை மாதம் விடிகாலை ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கில் போகிறவர் சட்டைக்குள் நெஞ்சோடு நியூஸ்பேப்பரை மடித்துச் செருகிக்கொள்கிறாரே, அவர் சைப்பிளையும் படிக்கவில்லை, பாஸலையும் படிக்கவில்லை.

இப்போது மஃப்ளர் மேட்டர். பிடரியில்தான் குளிர் என்று கார் கம்பெனிகளுக்குத் தெரிந்துபோனதும் என்ன செய்தார்கள் தெரியுமா? 2004-ல் மெர்சிடிஸ் தன் எஸ்.எல்.கே. காரில், தலை சாய்க்கும் இடத்துக்குள் ஒரு சின்ன ஹீட்டரும் ஃபேனும் வைத்து, கழுத்தைச் சுற்றிச் சூடான காற்றை ஊத வைத்தது. பெயர் என்ன? 'ஏர்ஸ்கார்ஃப்'. அதாவது, காற்றால் ஆன மஃப்ளர்! நம் அம்மாக்கள் நாற்பது ரூபாய்க்கு ரங்கநாதன் தெருவில் வாங்கியதைத்தான் ஜெர்மன் எஞ்சினியர்கள் லட்சக்கணக்கில் காரோடு சேர்த்து விற்றார்கள். விஷயம் அதோடு நிற்கவில்லை. இதற்கான காப்புரிமை என்னிடம் இருக்கிறது என்று வேறொருவர் வழக்குப் போட, அது ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம்வரை போய் 2016 மே மாதம் மெர்சிடிஸுக்கு எதிராகத் தீர்ப்பானது. அந்த டிசம்பர் கடைசியில் காப்புரிமை காலாவதி ஆகும்வரை ஜெர்மனியில் புதுக் காரில் அதை விற்க முடியவில்லை. கழுத்துக்கு மஃப்ளர் கட்ட ஒரு கோர்ட் கேஸ்! அம்மாவிடம் போனில் சொன்னேன். "அது கெடக்கட்டும், நீ காதை மூடிக்கிட்டியா இல்லியா?" என்றாள்.

காது பற்றியும் ஒரு வார்த்தை. உடம்புச் சூட்டில் பாதி தலைவழியாகப் போய்விடுகிறது என்று ஒரு நம்பிக்கை உலகம் பூராவும் இருக்கிறது. அமெரிக்க ராணுவக் கையேட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். உண்மையில் தலையின் பரப்பு உடம்பில் பத்தில் ஒரு பங்குதான், சூடும் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் போகிறது. மற்றதெல்லாம் மூடி, தலையை மட்டும் திறந்துவைத்தால் தலைதான் குளிரும், வேறென்ன? ஆக, குல்லா தப்பில்லை. குல்லா மட்டும் போதாது.

திரும்பும்போது தூறல் போட்டது. நான் கூரையைப் பார்த்தேன். துரை ஆக்ஸிலரேட்டரைப் பார்த்தார். ஓடும்வரை தூறல் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது, ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் வான்டேஜ் சிக்னல் சிவப்பு. அந்த ஒன்றரை நிமிஷம் இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், நனைந்தோம்.

இதில் வீரம் காட்டக்கூடாத இடங்களும் உண்டு. துரை அதில் கறார். 1997 வரை வந்த முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5-ல் பின்கண்ணாடி பிளாஸ்டிக். குளிரில் விறைத்திருக்கும்போது மடித்தால் விரிசல் விடும். காருக்குள் ஹீட்டரைப் போட்டு இளக்கிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். அடுத்த தலைமுறையில்தான் நிஜக் கண்ணாடி வந்தது. நனைந்த துணிக்கூரையை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவைக்க வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே சாதா டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும், ஆகவே குளிர்கால டயர். எல்லாவற்றையும்விட, மூன்றரை மணிக்கு வீடு. பகலில் நனைந்த ரோடு, சூரியன் சாய்ந்ததும் மர நிழலில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி ஆகிவிடும். மெல்லிய கறுப்புக் கண்ணாடி மாதிரி. எவ்வளவு நல்ல ஹீட்டரும் அதில் உதவாது. "குளிர் யாரையும் கொல்லலை, அந்த ஐஸ்தான் கொல்லுது" என்றார். பள்ளிக்கூட நண்பன் ஒருவனை அந்த மாதிரி ஒரு வளைவில் பறிகொடுத்தவர். அந்த வளைவு வந்தபோது வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். தாண்டியபிறகுதான் சொன்னார்.

இந்த வகைக் கார்களே இப்போது அபூர்வமாகிக்கொண்டு வருகின்றன. ஐரோப்பாவில் இவற்றை அதிகம் வாங்கியவர்கள் வெயில் கொளுத்தும் ஸ்பெயின்காரர்கள் அல்ல, மழையில் ஊறும் ஜெர்மானியரும் பிரிட்டிஷாரும்தான். ஆனால் இருபது வருஷத்துக்கு முன் விற்றதில் ஒரு சின்னப் பங்குதான் இப்போது விற்கிறது. ஏர்ஸ்கார்ஃப் கொண்டுவந்த அந்த மெர்சிடிஸ் வரிசை 2020-ல் நின்றது, ஆடி டி.டி. 2023-ல் நின்றது. எம்.ஜி. என்ற பெயர் சீனக் கம்பெனியிடம் போய், திறந்த கூரையுடன் ஒரு எலெக்ட்ரிக் கார் வந்திருக்கிறது. மின்சாரக் காரில் வீணாகப் போகும் சூடு குறைவு. கூரையைத் திறந்துவிட்டுக் காலைக் காய்ச்ச வேண்டுமானால் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும், அந்த அளவுக்கு ஓடும் தூரம் குறையும். ஓசி கணப்புக் காலம் முடிகிறது.

இறங்கும்போது துரையிடம் கேட்டேன்: "இந்தக் கார் என்ன விலை சார் வாங்கினீங்க?"

"எப்ப வாங்கினேன்னு கேளு. டிசம்பர்ல, ரெண்டாவது கையா. ஏப்ரல்ல வெயில் வந்தா எல்லாருக்கும் திறந்த கார் ஆசை வரும், விலை ஏறும். டிசம்பர்ல கடைக்காரன் என்னைப் பார்த்ததும் டீ கொடுத்தான். டெஸ்ட் டிரைவுக்கு ரூஃபைத் திறக்கச் சொன்னேன். அவன் என் பக்கத்துல உட்காரணுமே! ரெண்டு மைல் தாண்டறதுக்குள்ள இன்னும் முந்நூறு பவுண்டு குறைச்சுட்டான்."